இரண்டாம் பக்கத்தைப் பார்க்காமல் இறங்கிய நாள்

ஹிமாயா அந்த வேலைக்கு விண்ணப்பித்தது தன் புருசனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதற்காகத்தான். நேர்முகப் பரீட்சையில் அதைச் சொல்லவில்லை. சம்மாந்துறை டெக்னிக்கல் கொலிஜில் படித்ததையும், அக்கரைப்பற்றில் ஒரு நெல் ஆலையில் இரண்டு வருடம் கேபிள் இழுத்ததையும்தான் சொன்னாள். சாய்ந்தமருதுப் படகுக்காரர் சங்கத்தின் செயலாளர் இன்பாஸ் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பொம்பிளைப் பிள்ளை டவரில் ஏறுமா என்று மட்டும் கேட்டார். ஏறுவேன் என்றாள்.

றாஸிக் ஆழ்கடலுக்குப் போகிறவன். ஒரு பயணம் இருபது நாள். மீன் படவில்லை என்றால் இருபத்தைந்தும் ஆகும். கரையில் நிற்பது நாலைந்து நாள். அதில் ஒரு நாள் எஞ்சினுக்கு, ஒரு நாள் வலைக்கு, மிச்சம் நித்திரைக்கு. கலியாணம் முடித்து நாலு வருடமாகியும், அவன் சாப்பாட்டில் எதை ஒதுக்குகிறான் என்பதை ஹிமாயா ஒரு முறை அவனுடைய உம்மாவிடம்தான் கேட்டு அறிந்தாள். அன்றைக்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சங்கத்தின் ஏற்பாடு இப்படி. ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னக் கருவி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது தன் இலக்கத்தையும், நிற்கிற இடத்தையும், வேகத்தையும், போகும் திசையையும் காற்றில் சொல்லும். கடற்கரை டவரின் உச்சியில் இருக்கும் வாங்கி அதைக் கேட்கும். நாற்பது மைலுக்கு உள்ளே என்றால் நன்றாகக் கேட்கும். கேட்டது கேபிள் வழியே கீழே ஓர் இரும்புப் பெட்டிக்கு வரும். அந்தப் பெட்டிக்குள்தான் சுவிட்ச். வீட்டில் வைக்கிற பிளாஸ்டிக் சாமான் அல்ல. காற்றாடி இல்லாமலே வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்குகிற, ஆலைகளில் வைக்கிற வகை. அதிலிருந்து ஒரு ரேடியோ இணைப்பு எல்லாவற்றையும் பிரதான வீதியில் இருக்கும் சங்க அலுவலகத்துக்கு, ஊர்ப் பேச்சில் கந்தோருக்கு, அனுப்பும். அங்கே திரையில் ஒவ்வொரு படகும் ஒரு சின்ன முக்கோணமாக நகரும், பதிவாகும்.

றாஸிக்கின் படகு புறப்படும் நாளில் ஹிமாயா அந்த முக்கோணத்தை நாற்பதாவது மைல் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு இருபது நாள் ஒன்றும் இருக்காது. அது மறுபடி திரையில் தெரிகிற நாள்தான் அவளுக்குப் பெருநாள். உடனே கல்முனைக்குக் கோல் எடுப்பாள். அதே படகில் போகும் நாலு பேரில் ஒருவரான பிரகாஸின் மனைவி கலாராணி அங்கே இருந்தார். வயதில் பத்துப் பன்னிரண்டு கூட, மூன்று பிள்ளைகள். இரண்டு பேரும் அதிகம் கதைப்பதில்லை. "அக்கா, வாறாங்க" என்பாள் ஹிமாயா. "ஓம் தங்கச்சி" என்று கலாராணி போனை வைத்துவிடுவார். அதுவே இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

போன ஏப்ரலில் இடி விழுந்து டவரிலிருந்த ரேடியோ இணைப்புக் கருவி கருகிவிட்டது. கொழும்பிலிருந்து புதியது வந்தது. வந்த அன்றே ஹிமாயா ஏறிப் பூட்டினாள்.

ஒரு சுவிட்சில் கேபிள் செருகுகிற ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வேகம் உண்டு. அதோடு ஒரு பழக்கமும் உண்டு: இரண்டு முனையும் ஒரே நேரத்தில் அனுப்பலாமா, இல்லை முறை பார்த்து அனுப்ப வேண்டுமா என்பது. இரண்டு முனையையும் தானாகத் தீர்மானிக்க விட்டால் அவை தங்களுக்குள் ஒத்துப்போகும். இரண்டையும் கையால் ஒரே மாதிரி நிறுத்தினாலும் பிரச்சினை இல்லை. பழைய கருவிக்காக ஹிமாயா சுவிட்ச் பக்கத்தை நூறு மெகாபிட்டில், ஒரே நேரத்தில் இரு பக்கமும் அனுப்பும்படி கையால் நிறுத்தியிருந்தாள். புதிய கருவியோ தானாகத் தீர்மானிக்கும்படி வந்திருந்தது. ஒரு முனை கையால் நிறுத்தப்பட்டிருந்தால் மற்ற முனைக்குப் பதில் கிடைக்காது. வேகத்தை மட்டும் ஊகித்துக்கொண்டு, முறை பார்த்து அனுப்புகிற பழக்கத்துக்கு அது இறங்கிவிடும். பிறகு இந்த முனை நினைத்த நேரமெல்லாம் அனுப்பும். அந்த முனை தான் அனுப்புகையில் இன்னொன்று வந்தால் மோதல் என்று நினைத்து முறித்துப்போடும். இப்படி இருந்தாலும் பச்சை லைட் எரியும்.

பூட்டியபின் இரண்டு முனைகளின் அமைப்புப் பக்கங்களையும் லெப்டொப்பில் திறந்து பார்க்க வேண்டும் என்பது ஹிமாயாவுக்குத் தெரியும். உச்சியில் இருந்தபடியே சுவிட்சின் பக்கத்தைப் பார்த்தாள். கருவியின் பக்கத்தைத் திறக்கப் போகையில் கந்தோரிலிருந்து கோல் வந்தது. உங்கட ஆக்கள் கரைக்கு வந்துட்டாங்க, படகு நங்கூரம் போட்டாச்சு என்றார் இன்பாஸ். டவர் பழுதாயிருந்த மூன்று நாளும் திரை இருண்டிருந்ததால் படகு வருவதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பச்சை லைட் எரிந்தது. திரையில் படகுகள் வருகின்றன என்று கந்தோரிலும் சொன்னார்கள். லெப்டொப்பை மூடினாள். கலாராணிக்குக் கோல் எடுத்தாள். இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு வந்த வாரங்களில் பின்னேரங்களில் சில முக்கோணங்கள் தாவுவதை அவள் கண்டாள். இருபது நிமிடம், அரை மணி நேரம் காணாமல் போய் வேறோர் இடத்தில் தோன்றும். இன்பாஸிடம் சொன்னாள். கடல் சூடு, காற்று, படகில் பற்றரி இறங்கியிருக்கும் என்று அவர் மூன்று காரணம் சொன்னார். மூன்றும் நடக்கக்கூடியவைதான். அவளும் விட்டுவிட்டாள்.

ஜூன் மாதம். கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. றாஸிக்கின் படகு போய் இருபத்தோராவது நாள், செவ்வாய்க்கிழமை, நாலு மணி பத்துக்கு முக்கோணம் திரையில் வந்தது. முப்பத்தெட்டு மைல், தென்கிழக்கே. "அக்கா, வாறாங்க." "ஓம் தங்கச்சி."

ஐந்து இருபதுக்குப் பிறகு முக்கோணம் அசையவில்லை. கடைசி வரி ஆறு கடல் மைல் வேகம், கரையை நோக்கி என்றிருந்தது. ஹிமாயா எட்டு மணி வரை கந்தோரில் இருந்தாள். பழைய தாவல்தான், திடீரென்று பக்கத்தில் வந்து தோன்றும் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை படகு வரவில்லை. அந்தப் படகின் கதைக்கிற ரேடியோ போன பயணத்திலேயே பழுதாகியிருந்தது. மத்தியானம் கடற்படைக்கு அறிவித்தார்கள். வியாழக்கிழமை சங்கத்தின் நாலு படகுகள் தேடப் போயின. ஐந்து இருபதுக்கு நின்ற இடத்துக்கும் கரைக்கும் இடையில் ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டின் இரு பக்கமும் தேடினார்கள். ஓர் எண்ணெய்க் கலன்கூடக் கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த படகு திடீரென்று மௌனமானால் அதற்கு என்ன அர்த்தம் என்று கடலோரத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் துஆ கேட்டார்கள். கல்முனையில் கலாராணியின் தமக்கை கோயிலுக்கு நேர்ந்துகொண்டாராம்.

அன்று ஜும்ஆ முடிந்து ஊர் அடங்கியிருந்த நேரத்தில் ஹிமாயா தனியாக டவருக்குப் போனாள். வீட்டில் இருக்க முடியவில்லை. வேறெங்கே போவதென்றும் தெரியவில்லை. டவரின் அடியிலுள்ள தகர அறையில் இருந்துகொண்டு லெப்டொப்பைத் திறந்தாள். சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எத்தனை தகவல் பொதி போனது, எத்தனை முறிந்து வந்தது என்று ஒரு கணக்கு ஓடும். ரேடியோ இணைப்பு இருந்த போர்ட்டில் முறிந்தவை லட்சத்தைத் தாண்டியிருந்தன. மற்றப் போர்ட்டுகளில் பூச்சியம். அப்போதுதான் ஏப்ரலில் பார்க்காமல் விட்ட பக்கத்தைத் திறந்தாள். வேகம் நூறு, முறை பார்த்து அனுப்புதல் என்று அதில் எழுதியிருந்தது.

மிச்சத்தை அவள் அந்த இடத்திலேயே இருந்து யோசித்தாள். டவரில் இரண்டு கெமராக்கள் உண்டு. பின்னேரம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் படகு முதலாளிமார் மீன் இறங்குவதைப் போனில் பார்ப்பார்கள். அந்த நேரத்தில்தான் இணைப்பில் கூட்டம், மோதலும் அப்போதுதான். கெமராப் படம் உடைந்தால் போன் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். பார்க்கிறவருக்குப் படம் கொஞ்சம் மந்தமாகத் தெரியும், அவ்வளவுதான். படகு சொல்லும் இடமோ ஒருமுறைதான் சொல்லப்படுவது. உடைந்தால் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

அப்படியென்றால் படகு மௌனமாகவில்லை. ஐந்து இருபதுக்குப் பிறகும் கதைத்திருக்கிறது. டவர் அதைக் கேட்டும் இருக்கிறது. பெட்டிக்கும் கந்தோருக்கும் இடையில்தான் அது போயிருக்கிறது.

இரண்டு முனைகளையும் ஒரே மாதிரி நிறுத்தினாள். கெமராப் போர்ட்டுகளின் வேகத்தைப் பத்துக்கு இறக்கினாள், இனி அவை வழியை அடைக்காதபடி. முறிந்த பொதிக் கணக்கை அழித்துவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சியம் பூச்சியமாகவே நின்றது. அந்த வேலைக்கு முழுதாகப் பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. அதை நினைத்துத்தான் அவள் அந்தத் தகர அறையில் முதன்முறையாக அழுதாள்.

ஆனால் அழுதுகொண்டிருக்கையிலேயே இன்னொன்று தோன்றியது. படகு கதைத்திருந்தால் அதை வேறு யாராவது கேட்டிருக்க வேண்டும். பொத்துவிலில் சங்கத்துக்கு ஒரு சின்ன டவர் உண்டு. அதிலிருந்து கந்தோருக்கு நேரடி இணைப்பு இன்னும் போடவில்லை. வாங்கி கேட்பதெல்லாம் ஒரு மெமரி காட்டில் கிடக்கும், மாதம் ஒரு முறை அவளே போய் எடுத்து வருவாள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பொத்துவிலுக்குப் போனாள். அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் பஸ் நின்ற நேரமெல்லாம், இறங்கி ஓடினால் சீக்கிரம் போகலாம் போல அவளுக்கு இருந்தது.

மெமரி காட்டில், ஐந்து இருபதுக்குப் பிறகு அந்தப் படகு சொன்ன பதினொரு வரிகள் இருந்தன. முதல் வரி ஐந்து ஐம்பது, கடைசி வரி ஏழு முப்பது; அதோடு படகின் பற்றரி இறங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் வேகம் ஒன்றுக்குக் கீழே. திசை கிழக்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்த கிழக்கு. எஞ்சின் நின்றுவிட்டது. காற்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. படகு கவிழவில்லை.

அங்கிருந்தே இன்பாஸுக்குக் கோல் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள், தன் பிழை உட்பட. படகுகளைக் கிழக்கே திருப்பச் சொல்கிறேன் என்றார் அவர். பிறகு, போர்ட் விசயத்தை ஆரிடமும் கதைக்க வேண்டாம், சங்கத்துக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊர் வாய் எப்படியென்று அவருக்குத் தெரியும்.

ஹிமாயா திரும்பி வரும்போது சாய்ந்தமருதில் இறங்கவில்லை. கல்முனை வரை போய் கலாராணியின் வீட்டுக்கு நடந்தாள். அவர் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு வந்து படியில் உட்கார்ந்தார். ஹிமாயா நின்றுகொண்டே சொன்னாள்.

"அக்கா, அந்தப் புதுக் கருவியப் பூட்டினது நான். ஒரு பக்கத்தப் பாத்துட்டு மத்தப் பக்கத்தப் பாக்காம இறங்கிட்டன். அதாலதான் அவங்கட படகு அனுப்பினது ஒண்டும் வந்து சேரல்ல. மூணு நாளா எல்லாரும் பிழையான இடத்தில தேடியிரிக்காங்க."

கலாராணி அவளையே பார்த்தார்.

"ஏன் பாக்காம இறங்கின?"

"படகு வந்துட்டு எண்டு கோல் வந்த. வீட்ட போற அவசரத்தில விட்டுட்டன்."

உள்ளே ஒரு பிள்ளை கூப்பிட்டது. கலாராணி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அண்டைக்கு எனக்குக் கோல் எடுத்தது நீதானே. நானும் அடுப்பில கறியப் போட்டது போட்டபடி ஓடிப்போன நான். திரும்பி வந்து பாத்தா சட்டியும் கருகிப் போச்சு." படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "உன்னில கோவம் இல்லையெண்டு நான் பொய் சொல்லமாட்டன் தங்கச்சி. அவர் வராட்டி நான் உன்ன மன்னிப்பனோ, எனக்குத் தெரியா. இப்ப அந்தப் பதினொரு வரியையும் எனக்கு வாசி."

ஹிமாயா படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். ஐந்து ஐம்பது, வேகம் முக்கால், கிழக்கு. ஆறு மணி, வேகம் முக்கால், கிழக்கு. முடிந்ததும் கலாராணி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரம் வாசிக்கையில் மூத்த மகளும் வந்து நின்று கேட்டாள்.

கிழக்கே போன படகுகள் ஆறு நாள் தேடின. கிடைக்கவில்லை. எண்ணெய் முடிந்து ஒவ்வொன்றாகத் திரும்பின. சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஹிமாயா எழுந்து போர்ட் விசயத்தைச் சொன்னாள். சிலர் ஏசினார்கள். வேலையை விட்டு நிற்பாட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நிற்பாட்டினால் டவரில் யார் ஏறுவது என்று இன்னொருவர் கேட்டார். அந்தப் பேச்சு முடிவில்லாமலே விடப்பட்டது. அவள் மறுநாளும் வேலைக்குப் போனாள். பெட்டிக்குள் ஒரு மட்டையை ஒட்டி, ஒவ்வொரு போர்ட்டின் வேகத்தையும், எதிர் முனையின் வேகத்தையும், பார்த்த திகதியையும் பேனையால் எழுதி வைத்தாள். இப்போது கிழமைக்கு ஒரு முறை இரண்டு பக்கங்களையும் பார்க்கிறாள். அதற்குப் பிறகு எந்தப் படகும் திரையில் தாவியதில்லை.

படகு காணாமல்போன இருபத்தாறாவது நாள், அவள் மீன் வெட்டிக்கொண்டிருக்கையில் தெரியாத இலக்கத்திலிருந்து கோல் வந்தது. மறுபக்கத்தில் இரைச்சல். பிறகு றாஸிக்கின் குரல், சளி பிடித்தது போல.

"ஹிமா, நாங்க நாலு பேரும் இரிக்கம்."

விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்து நாடொன்றின் கரையில் படகு ஒதுங்கியிருந்தது. மழைத் தண்ணியும் பச்சை மீனுமாகப் பிழைத்திருந்தார்கள். உயிர் தப்பியதில் அந்த நாட்டாருக்கும் சந்தோசம்தான். ஆனால் அனுமதியில்லாமல் கரையேறியவர்கள் என்று வழக்கு உண்டு. வழக்கு முடிய வேண்டும், கடிதங்கள் இரண்டு தலைநகரங்களுக்கும் போய்வர வேண்டும். இது ஏழு மாதத்துக்கு முந்திய கதை. அவர்கள் இன்னும் அங்கேதான்.

இரண்டு கிழமைக்கு ஒரு வெள்ளிக்கிழமை போன் கொடுக்கிறார்கள். நாலு பேருக்கும் சேர்த்துப் பதினாறு நிமிடம், ஆளுக்கு நாலு. இரண்டாவது கோலில் றாஸிக் சொன்னான், இழுபட்ட ஐந்தாம் நாள் பின்னேரம் தூரத்தில் ஒரு படகைக் கண்டதாக. உடுத்திருந்த சாரத்தைக் கழற்றி வீசிக் காட்டியிருக்கிறார்கள். நம்மட ஊர்ப் படகு மாதிரி இருந்தது, காணாமலே திரும்பிட்டு என்றான். புதனிலிருந்து எண்ணினால் ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பொத்துவிலில் கிடைத்த வரிகளைப் பார்த்துக் கிழக்கே போன படகாகத்தான் அது இருந்திருக்க வேண்டும். மூன்று நாள் முந்தியே போயிருந்தால் என்ற கணக்கை ஹிமாயா இன்று வரை செய்துகொண்டிருக்கிறாள். அந்தக் கோலிலேயே தன் பிழையையும் சொன்னாள். அவன் சொன்னான்:

"அண்டைக்கு நீ வேளைக்கு வந்த. எனக்கு ஞாபகம் இரிக்கி."

அதற்கு மேல் அதைப்பற்றி இருவரும் கதைக்கவில்லை.

கலாராணியும் அவளும் மாதம் ஒரு முறை கொழும்புக்குப் போகிறார்கள். ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீற். அமைச்சுக் கந்தோரில் வரிசையில் நின்று, அதே நாலு பெயர்களை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். மன்னித்தேன் என்று கலாராணி இன்னும் சொல்லவில்லை. ஆனால் வழியில் சாப்பிடுவதற்கு இரண்டு பேருக்குமாகப் புட்டுக் கட்டிக்கொண்டு வருவார். மன்னித்தீர்களா என்று ஹிமாயாவும் கேட்பதில்லை.

போன வெள்ளிக்கிழமையும் றாஸிக்கின் கோல் வந்தது. வழக்கில் புதிதாக ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல அரை நிமிடம் போதுமாக இருந்தது. பிறகு றாஸிக், நீ ஏதாவது கதை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றான். என்ன கதைப்பது என்று அவள் கேட்டாள். என்னவும் என்றான். அவள் காலையில் இடியப்பம் பதமாக அவியாததைச் சொன்னாள். பக்கத்து வீட்டார் மதில் கட்டுவதையும், அதில் ஒரு பூனை ஏறிக்கொண்டு இறங்காததையும் சொன்னாள். மாரி மழையில் குசினிக் கூரைத் தகரம் ஒழுகுவதையும், ஒழுக்குக்குச் சட்டி வைத்த இடத்தையும் சொன்னாள். அவன் இடையில் "ம்" என்றான், ஒரு தரம் சிரித்தான். மிச்ச மூன்றரை நிமிடமும் இப்படிப் போனது. வீட்டில் இருந்த நாட்களில் அவன் களைத்து வந்து படுத்துவிடுவான், அவள் அடுப்படியில் நிற்பாள். நாலு நிமிடம் தொடர்ந்து இருவரும் கதைத்ததாக அவளுக்கு ஒரு நாளும் நினைவில்லை.

அங்கே யாரோ போனைக் கேட்டார்கள். பூனை இறங்கினதா என்று அவன் அவசரமாகக் கேட்டான். இன்னும் இல்லை என்றாள்.